கணக்கு நோட்டில் ஏறிய ஆஸ்பத்திரி பில்

2017 செப்டம்பர் 7, வியாழக்கிழமை. வாஷிங்டனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் நிதித்துறைத் துணைக்குழு ஒன்று கூடியிருந்தது. அன்று பரிசீலனைக்கு வந்த மசோதாக்களில் ஒன்று, ஜார்ஜியா மாநில உறுப்பினர் பேரி லவுடர்மில்க் கொண்டுவந்தது. மக்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து விற்கும் நிறுவனங்கள் தவறு செய்து, பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்டால், அந்த நிறுவனங்கள் கட்ட வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வைப்பதுதான் அதன் நோக்கம். 5 லட்சம் டாலர் அல்லது நிறுவனத்தின் நிகரச் சொத்து மதிப்பில் 1 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. பாடம் புகட்டுவதற்காக நீதிமன்றம் விதிக்கும் கூடுதல் தண்டத்தொகை அறவே கிடையாது.

அன்று மாலை, அதே ஜார்ஜியாவின் தலைநகரான அட்லாண்டாவிலிருந்து ஈக்விஃபேக்ஸ் நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தங்கள் கணினிக்குள் யாரோ புகுந்து 14.3 கோடி பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றது. பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் போயிருந்தன. பின்னர் கணக்கு 14.7 கோடியாக ஏறியது. அந்நாட்டில் வயது வந்தவர்களில் பாதிக்கும் மேல். திருட்டு நடப்பது நிறுவனத்துக்கு ஜூலை கடைசியிலேயே தெரியும்.

காலையில் சலுகை கேட்டு மசோதா, மாலையில் இப்படி ஓர் அறிவிப்பு. நாடக ஆசிரியர் எழுதியிருந்தால் மிகையென்று வெட்டியிருப்பார்கள். லவுடர்மில்க்கின் மசோதா சட்டமாகவில்லை. ஆனால் கடன் தகவல் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசு விதிகளை உடைக்கும் முயற்சி அந்த அவமானத்தோடு நிற்கவும் இல்லை. ஏழு வாரத்தில் வேறொரு வாசல் வழியாக வந்தது. எட்டு வருடம் கழித்து, ஆஸ்பத்திரி பில் விவகாரத்தில் மறுபடி வந்தது.

மளிகைக் கடையில் தொடங்கியது

அமெரிக்காவில் ஒருவரின் பெயருக்கு நேரே ஒரு மதிப்பெண் இருக்கிறது. பெரும்பாலும் 300-க்கும் 850-க்கும் இடையில். வீட்டுக்கடன், கார் கடன், கிரெடிட் கார்டு எல்லாம் அதைப் பார்த்துத்தான். வாடகைக்கு வீடு தருபவர் பார்க்கிறார். பல மாநிலங்களில் கார் இன்ஷூரன்ஸ் கட்டணம் அதை வைத்து ஏறி இறங்குகிறது. வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் மதிப்பெண்ணைக் கேட்காவிட்டாலும், ஆளின் சம்மதத்தோடு கடன் அறிக்கையைப் புரட்டிப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. சென்னையில் சிபில் ஸ்கோர் 800 வைத்திருப்பவர் டல்லாஸில் வேலைக்குப் போய் இறங்கினால், அங்கே அவருக்குப் பொதுவாக வரலாறே கிடையாது. முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சிபில் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம்மூர் வங்கி மேலாளர் கணினியைத் தட்டி உதட்டைப் பிதுக்குகிறாரே, அந்த சிபிலின் முழுப்பெயர் இப்போது டிரான்ஸ்யூனியன் சிபில். பெரும்பங்கு சிகாகோவின் டிரான்ஸ்யூனியனிடம். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூவர்தான் அமெரிக்க மக்களின் கடன் ஜாதகத்தை எழுதுகிறவர்கள்.

இந்தத் தொழிலின் வேர் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறது. டென்னசி மாநிலம் சட்டனூகாவில் கடை வைத்திருந்த கேட்டர் உல்ஃபோர்ட், யார் சரியாகக் கட்டுவார், யார் இழுத்தடிப்பார், யாரிடம் ரொக்கம் மட்டுமே வாங்க வேண்டும் என்று வாடிக்கையாளர் பட்டியலைத் தொகுத்து மற்றக் கடைக்காரர்களுக்கு விற்றார். அண்ணாச்சி கடையின் பற்று நோட்டை ஊர்க் கடைகளுக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுத்தது போல. 1899-ல் தம்பி கை உல்ஃபோர்டுடன் சேர்ந்து அட்லாண்டாவில் ‘ரீடெய்ல் கிரெடிட்’ கம்பெனியை ஆரம்பித்தார். அதுவே ஈக்விஃபேக்ஸ். டிரான்ஸ்யூனியன் கதை இன்னும் விநோதம். ரயில் டேங்கர்களை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றின் தாய் நிறுவனமாக 1968-ல் பிறந்தது. அடுத்த ஆண்டு சிகாகோ வட்டாரத்தின் கடன் தகவல் அலுவலகம் ஒன்றை வாங்கியது. வாங்கிய சொத்தில், ஏழு இழுப்பறை கொண்ட 400 அலமாரிகளும் அவற்றில் 36 லட்சம் அட்டைகளும் அடக்கம்.

அட்டைகளில் கடன் பாக்கி மட்டும் எழுதியிருந்தால் பரவாயில்லை. ரீடெய்ல் கிரெடிட்டின் ஆட்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்து, புருஷன் பெண்டாட்டி சண்டை, குடிப்பழக்கம், படுக்கையறை வதந்தி, அரசியல் சாய்வு வரை குறித்துவைத்தார்கள். தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட அந்த ஆளுக்கு உரிமையில்லை. செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் விடாமல் தள்ளியதில் 1970-ல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. நிக்சன் கையெழுத்திட்டார். கோப்பைப் பார்க்கலாம், தவறு என்று முறையிடலாம், பெரும்பாலான பழைய பாக்கிகள் ஏழு வருடத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பவை அதன் வழி வந்தவை. இன்று நடக்கிற சண்டை அத்தனையும் அந்தச் சட்டத்தின் வாசகங்களுக்கு யார் பொருள் சொல்வது என்பதில்தான் வந்து முட்டுகிறது.

தவறுகள் அபூர்வமா? மத்திய வர்த்தக ஆணையம் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒருவரின் ஏதாவது ஓர் அறிக்கையில் பிழை இருந்து திருத்தப்பட்டது. 2011-ல் கலிஃபோர்னியாவில் கார் வாங்கப் போன ஒருவரிடம், உங்கள் பெயர் பயங்கரவாதிகள் பட்டியலோடு ஒத்துப்போகிறது, கார் தரமாட்டோம் என்றார்கள். பெயரின் முதலும் கடைசியும் மட்டும் பார்த்து டிரான்ஸ்யூனியன் போட்ட முத்திரை அது. கடைசியில் மனைவி பெயரில் கார் வாங்கினார்கள். அதே முத்திரை விழுந்தவர்கள் 8,185 பேர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் வந்த தீர்ப்பு, தவறான அறிக்கை வெளியாருக்குப் போய்ச்சேர்ந்த 1,853 பேருக்கு மட்டும்தான் வழக்காட உரிமை உண்டு என்றது. மற்றவர்களின் கோப்பில் ‘பயங்கரவாதி’ என்று இருந்தது உண்மை. ஆனால் யாரும் படிக்கவில்லையாம், அதனால் பாதிப்பும் இல்லையாம்.

51 பேர் போதும்

மத்திய அரசின் துறை ஒன்று சட்டத்தின் கீழ் விதி போடுகிறது. அதை நாடாளுமன்றம் எப்படி ஒழிக்கும்? புதிய சட்டம் கொண்டுவரலாம். ஆனால் செனட்டில் எதையும் நகர்த்த நடைமுறையில் 60 பேர் வேண்டும். இந்த வேலியைத் தாண்டும் குறுக்குச்சந்து 1996-ல் போடப்பட்டது. காங்கிரஸ் மறுஆய்வுச் சட்டம் என்று பெயர். (அந்நாட்டு நாடாளுமன்றத்தின் பெயர்தான் காங்கிரஸ். நம்மூர் கட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) புதிய விதி அவைக்கு வந்ததிலிருந்து குறிப்பிட்ட அமர்வு நாட்களுக்குள் ‘இதை ஏற்கவில்லை’ என்று இரு அவையும் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு தீர்மானம் போட்டு, அதிபர் கையெழுத்திட்டால் விதி செத்தது. இழுத்தடிக்கும் பேச்சுக்கு இடமில்லை.

அதைவிடக் கனமானது சட்டத்தின் பின்பகுதி. அப்படிக் கொல்லப்பட்ட விதியைக் கணிசமாக ஒத்த இன்னொரு விதியை அந்தத் துறை இனி போடவே கூடாது. நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அனுமதித்தால்தான் உண்டு. கொன்று புதைப்பதோடு விடாமல், புதைத்த இடத்தில் எதுவும் முளைக்காதபடி சிமென்ட் பூசிவிடுவார்கள்.

முதல் 20 ஆண்டுகளில் இந்தக் கருவி ஒரே ஒரு முறைதான் பலித்தது. 2001-ல், வேலையிடத்தில் உடல்நோவு தடுப்பு பற்றிய கிளின்டன் கால விதியை அது காலி செய்தது. ஓர் அரசு போய் எதிர்க்கட்சி அரசு வந்து, இரு அவையும் அதே கட்சியின் கையில் இருந்தால்தான் இது நடக்கும். 2017-ல் அப்படி ஓர் அமைப்பு கூடிவந்தது. டிரம்ப்பின் முதல் ஆட்சியில் 16 விதிகள் இப்படிப் போயின.

அவற்றில் ஒன்று ஈக்விஃபேக்ஸ் விவகாரத்தோடு நேரடியாக மோதியது. நிதி நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில், ‘தகராறு வந்தால் நீதிமன்றம் போக மாட்டேன், தனியார் நடுவரிடம் தனித்தனியாகத்தான் வருவேன்’ என்று வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுவது வழக்கம். பலர் சேர்ந்து வழக்குப் போடுவதை இப்படித் தடுக்கக் கூடாது என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம் 2017 ஜூலையில் விதி போட்டது. ஈக்விஃபேக்ஸ் என்ன செய்தது? தகவலைப் பறிகொடுத்தவர்களுக்கு ஓர் ஆண்டு இலவசக் கண்காணிப்பு தருகிறோம் என்று அறிவித்தது. அந்த இலவசத்தின் நிபந்தனைகளிலேயே அதே நடுவர் வாசகம் ஒளிந்திருந்தது. ஊரே கொதித்த பிறகு நீக்கினார்கள்.

அதையெல்லாம் பார்த்த பிறகும், அக்டோபர் 24 இரவு செனட் அந்த விதியை ஒழிக்க வாக்களித்தது. லிண்ட்சே கிரஹாம், ஜான் கென்னடி என்ற இரு குடியரசுக் கட்சியினர் மறுபக்கம் போனதில் 50-50 என்று நின்றது. துணை அதிபர் மைக் பென்ஸ் வந்து தன் ஓட்டைப் போட்டுச் சமநிலையைக் குலைத்தார். நவம்பர் 1-ல் டிரம்ப் கையெழுத்திட்டார்.

கால் முறிந்ததற்கு மதிப்பெண் குறைவது

ஆஸ்பத்திரி பில் எப்படிக் கடன் அறிக்கைக்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் 2025 விவகாரம் பிடிபடும். ஆம்புலன்ஸில் ஏறும்போது யாரும் விலை கேட்பதில்லை. சிகிச்சை முடிந்து வாரக்கணக்கில் கடிதங்கள் வரும். ஆஸ்பத்திரி ஒன்று, மயக்க மருந்து டாக்டர் ஒன்று, ஆய்வகம் ஒன்று என்று தனித்தனி பில். இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘இது பில் அல்ல’ என்று தலைப்பிட்டு, பில் போலவே ஒரு தாள் அனுப்பும். எதை இன்ஷூரன்ஸ் கட்டும், எது தன் தலையில் என்று நோயாளி குழம்பிக்கொண்டிருக்கையில் மாதங்கள் ஓடும். ஆஸ்பத்திரி பாக்கியை வசூல் கம்பெனியிடம் தள்ளிவிடும். வசூல் கம்பெனி மூவரின் நோட்டிலும் ஏற்றிவிடும். பல பேருக்கு அப்படி ஒரு பாக்கி இருப்பதே வீட்டுக்கடன் கேட்கப் போகும் அன்றுதான் தெரியவருகிறது.

நம்மூரில் ஆஸ்பத்திரி பாக்கி சிபிலில் ஏறாது. அந்த பில்லைக் கட்டுவதற்கு அவசரமாக எடுத்த தனிநபர் கடன் ஏறும். வலி ஒன்றுதான், நோட்டு வேறு.

2022 மார்ச்சில் பணியகம் ஒரு கணக்கு வெளியிட்டது: 4.3 கோடி கடன் அறிக்கைகளில் 8,800 கோடி டாலர் மருத்துவப் பாக்கி. வசூலுக்குப் போன பதிவுகளில் பாதிக்கு மேல் மருத்துவம்தான். கிரெடிட் கார்டு பாக்கியும் மருத்துவப் பாக்கியும் ஒன்றல்ல என்பதைப் பணியகம் 2014-லேயே ஆராய்ந்து சொல்லியிருந்தது. ஒருவர் நாளை கடனைத் திருப்பிக் கட்டுவாரா என்று கணிக்க, மருத்துவப் பாக்கி மற்றப் பாக்கிகளைப் போல உதவுவதில்லை. புதுப் படுக்கையறைச் சாமான் வாங்குவது முடிவு. குடல்வால் அழற்சி முடிவல்ல.

விதி வரப்போகிறது என்ற வாசம் அடித்ததும் மூன்று நிறுவனங்களும் தாங்களாகவே இறங்கிவந்தன. கட்டி முடித்த மருத்துவப் பாக்கிகளை 2022 ஜூலை முதல் நீக்கினார்கள். புதிய பாக்கியை ஏற்ற ஓராண்டு பொறுப்போம் என்றார்கள். 2023 ஏப்ரலில் 500 டாலருக்குக் குறைந்த பாக்கிகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் இது அவர்களாகப் போட்ட கோடு. நாளை அழிக்க நினைத்தால் யாரும் கேட்க முடியாது. இந்தச் சலுகைகளுக்குப் பிறகு மிஞ்சிய கணக்கையும் பார்க்க வேண்டும்: 1.5 கோடி பேர், 4,900 கோடி டாலர். ஆட்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறார்கள், தொகை பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது. அதாவது சின்னப் பாக்கிக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். புற்றுநோய், பெரிய அறுவை, தீவிர சிகிச்சை என்று மாட்டியவர்கள் உள்ளே.

அவர்களையும் வெளியே கொண்டுவரும் திட்டத்தை 2023 செப்டம்பரில் அறிவித்தவர்கள் பணியகத்தின் இயக்குநர் ரோஹித் சோப்ராவும், அன்றைய துணை அதிபர் கமலா ஹாரிஸும். கமலாவின் அம்மா சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர், மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர். தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் கமலாவுக்காக அர்ச்சனை செய்தவர்கள் இந்த விதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர் பதவிக் காலத்தின் கடைசி வேலைகளில் ஒன்றாக, 2025 ஜனவரி 7 அன்று இறுதி விதி வெளிவந்தது. மருத்துவப் பாக்கி எதுவும் கடன் கொடுப்பவருக்குப் போகும் அறிக்கையில் இருக்கக் கூடாது. இதனால், மருத்துவப் பாக்கி ஏறியிருந்தவர்களின் மதிப்பெண் சராசரியாக 20 கூடும், ஆண்டுக்கு 22,000 வீட்டுக்கடன்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்று பணியகம் கணித்தது.

கடனைத் தள்ளுபடி செய்யும் விதியாக இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள். பாக்கி பாக்கிதான். வசூல் கம்பெனி போன் செய்யலாம், வழக்குப் போடலாம். மதிப்பெண்ணைக் காட்டி மிரட்ட முடியாது, அவ்வளவே. அந்த மிரட்டல் கொஞ்சநஞ்சமல்ல. கட்ட வேண்டியதே இல்லாத, இன்ஷூரன்ஸ் ஏற்கெனவே கட்டிவிட்ட பில்லைக்கூட வீட்டுக்கடன் கையெழுத்தாகிற வாரத்தில் சண்டை போடத் தெம்பில்லாமல் கட்டித்தொலைக்கிறவர்கள் உண்டு என்பதுதான் பணியகத்தின் வாதம்.

எதிர்த்தவர்களின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். பாக்கியை மறைத்துவிட்டால் கடன் கொடுப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுக்க வேண்டியதாகிறது, கட்ட முடியாதவர் தலையில் இன்னொரு கடன் ஏறும் என்றார்கள் வங்கியாளர்கள். சிறிய கூட்டுறவுக் கடன் சங்கங்களும் இதையே சொன்னதைப் புறந்தள்ள முடியாது. வசூல் தொழில்காரர்கள், மதிப்பெண் பயம் போனால் யாரும் பில் கட்ட மாட்டார்கள், டாக்டர்கள் முன்பணம் கேட்க ஆரம்பிப்பார்கள் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் முன்பணம் கட்டிப் பழகிய நமக்கு இது பயமுறுத்தலாகத் தோன்றாது. அமெரிக்கரை நன்றாகவே பயமுறுத்தும்.

வாக்கெடுப்பு இல்லாத சாவு

ஜனவரி 20-ல் ஆட்சி மாறியது. பிப்ரவரி 1-ல் சோப்ரா நீக்கப்பட்டார். தற்காலிக இயக்குநராக வந்த ரஸ்ஸல் வாட் பணியகத்தின் வேலைகளை நிறுத்திவைக்கச் சொன்னார், தலைமையகம் மூடப்பட்டது. தெற்கு டகோட்டா செனட்டர் மைக் ரவுண்ட்ஸ், மருத்துவப் பாக்கி விதியை மறுஆய்வுச் சட்டத்தின் கீழ் ஒழிக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையிலும் அதற்கு ஒரு ஜோடித் தீர்மானம் வந்தது.

இதே கருவி அந்த வசந்தத்தில் பணியகத்தின் வேறு விதிகளை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தது. கணக்கில் பணம் இல்லாதபோது பெரிய வங்கிகள் பிடிக்கும் ஓவர்டிராஃப்ட் கட்டணம் பெரும்பாலும் 35 டாலர் வரை போகும். அதை 5 டாலருக்கு இறக்கும் விதி ஒன்று இருந்தது. மார்ச் 27-ல் செனட் 52-48 என்று அதை நிராகரித்தது. ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை 217-211. மே 9-ல் டிரம்ப் கையெழுத்து. குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஜோஷ் ஹாலி ஒருவர் மட்டும் எதிர்த்து ஓட்டுப் போட்டார். யார் எந்தப் பக்கம் என்பது அவைக்குறிப்பில் பெயர் பெயராக இருக்கிறது. தேர்தல் வரும்போது எதிராளி அந்தப் பெயரை எடுத்துப் படிப்பார்.

மருத்துவப் பாக்கி விதிக்கு அப்படி ஒரு வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. ரவுண்ட்ஸின் தீர்மானம் அவைக்கு வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. விதி வெளியான அன்றைக்கே கடன் தகவல் நிறுவனங்களின் சங்கமும், கூட்டுறவுக் கடன் சங்கங்களின் அமைப்பு ஒன்றும் டெக்சாஸ் கிழக்கு மாவட்ட மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தன. ஏப்ரல் கடைசியில் விநோதம் நடந்தது. விதியைப் போட்ட பணியகமே, அதை எதிர்த்தவர்களோடு சேர்ந்து மனுப் போட்டது: ஆமாம், எங்கள் விதி சட்டவிரோதம்தான், ரத்து செய்துவிடுங்கள். வாதியும் பிரதிவாதியும் கைகோத்து நிற்க, விதிக்காகப் பேச சில நுகர்வோர் அமைப்புகள் இடையில் புகுந்து அனுமதி வாங்கின. ஜூலை 11-ல் நீதிபதி ஷான் ஜோர்டன் விதியை ரத்து செய்தார்.

தீர்ப்பின் சட்டக் காரணம் அற்பமானதல்ல. எந்த ஆஸ்பத்திரி, என்ன நோய் என்று தெரியாதபடி குறியீட்டில் மறைத்துவிட்டால் மருத்துவப் பாக்கித் தகவலை அறிக்கையில் தரலாம் என்று நாடாளுமன்றமே சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறது. சட்டம் ‘தரலாம்’ என்பதைப் பணியகம் ‘தரக் கூடாது’ என்று மாற்ற முடியாது என்றார் நீதிபதி. பணியகத்துக்கும் ஒரு வாதம் இருந்தது. அதே சட்டத்தின் 2003 திருத்தம் கடன் கொடுப்பவர்கள் மருத்துவத் தகவலைப் பயன்படுத்துவதைப் பொதுவாகத் தடுக்கிறது. பிறகு கண்காணிப்புத் துறைகள் விதிவிலக்காகத் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் பாக்கி விவரம் உள்ளே வந்தது. திறந்தவர்களுக்கு மூடவும் உரிமை உண்டு என்பது அந்த வாதம். மேல்முறையீட்டில் நின்று சொல்ல வேண்டிய வழக்கறிஞர்கள் அரசாங்கத்தில் இல்லை.

ஆக, விதி ஒழிந்தது. வாக்கெடுப்பில் ஒழிந்திருந்தால் 51 செனட்டர்கள் ‘புற்றுநோயாளியின் பாக்கி அவர் மதிப்பெண்ணில் ஏறட்டும்’ என்று கைதூக்கியதாகப் பதிவாகியிருக்கும். இப்போது ஒருவர் பெயரும் பதிவாகவில்லை. மறுஆய்வுச் சட்டத்தைக் கொடூரமான கருவி என்று திட்டுகிறவர்கள் உண்டு, இந்தக் கட்டுரையும் மேலே திட்டியிருக்கிறது. ஆனாலும் அது வெளிச்சத்தில் நடக்கிற கொலை. பார்க்கப்போனால் அதுதான் நேர்மையான வழி.

இதனால் நாடாளுமன்றம் எப்போதும் நிறுவனங்களின் பக்கம்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2018-ல் வங்கிகளுக்குப் பெரும் தளர்வு தந்த அதே சட்டத்தில், முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பாக்கியை ஓராண்டுக்கு அறிக்கையில் ஏற்றக் கூடாது என்றும் எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் தன் கோப்பை இலவசமாகப் பூட்டிவைக்கலாம் என்பதும் அதில்தான் வந்தது, ஈக்விஃபேக்ஸ் திருட்டின் சூடு ஆறுவதற்குள். 2025 செப்டம்பரில் இன்னொன்று. வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்த மறுநிமிடமே பத்துப் பதினைந்து கம்பெனிகளிலிருந்து போன் வருகிறதே, அந்தத் தகவலைக் கடன் தகவல் நிறுவனங்கள் விற்பதைக் கட்டுப்படுத்தும் மசோதா, இரு கட்சி ஆதரவோடு நிறைவேறி, கையெழுத்தாகிச் சட்டமானது. தொல்லை செனட்டர் வீட்டு போனுக்கும் வந்தால் சட்டம் வேகமாக வரும் போலிருக்கிறது.

பணியகத்தின் கதையோ வேறு. ஜூலை 4-ல் கையெழுத்தான பெரிய வரிச் சட்டம், பணியகம் மத்திய வங்கியிடமிருந்து பெறக்கூடிய நிதியின் உச்சவரம்பை 12 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக வெட்டியது. மத்திய வங்கியின் இயக்கச் செலவை வைத்துப் போடும் கணக்கு அது. விதியை ஒவ்வொன்றாக ஒழிப்பதைவிட, விதி போடும் கையைச் சுருக்குவது மலிவு.

மாநில எல்லையில்

மிஞ்சியிருப்பது மாநிலங்கள். 2023-ல் கொலராடோ முதலில் மருத்துவப் பாக்கியைக் கடன் அறிக்கையிலிருந்து விலக்கிச் சட்டம் போட்டது. நியூயார்க் அதே ஆண்டு டிசம்பரில். பிறகு கலிஃபோர்னியா, இல்லினாய், நியூ ஜெர்சி, மினசோட்டா என்று பத்துக்கு மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்தன. மத்திய விதி போனாலும் இவை நிற்கும் என்று நுகர்வோர் வழக்கறிஞர்கள் நம்பியிருந்தார்கள்.

2025 அக்டோபர் கடைசியில் பணியகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. கடன் அறிக்கையில் என்ன இருக்கலாம் என்பது மத்திய சட்டத்தின் களம், மாநிலங்கள் அதில் தனிச் சட்டம் போட முடியாது என்றது. 2022-ல் இதே பணியகம் நேர் எதிராக, மாநிலங்கள் தாராளமாகப் போடலாம் என்று சொல்லியிருந்தது. விளக்கம் என்பது சட்டமல்ல, நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. துறைகள் சொல்லும் பொருளுக்கு நீதிபதிகள் தலைவணங்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றமே 2024-ல் சொல்லிவிட்டது. துறைகளின் கையைக் கட்ட விரும்பியவர்கள் கொண்டாடிய தீர்ப்பு அது. ஆனால் கொலராடோ சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட விரும்பும் கம்பெனிக்கு, மத்திய அரசே எழுதிக்கொடுத்த வாதம் கையில் கிடைத்துவிட்டது.

கொலராடோவின் டென்வரிலிருந்து வயோமிங்கின் செயென் நகருக்கு, 25-ம் எண் நெடுஞ்சாலையில் காரில் ஒன்றரை மணி நேரம். பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் இரண்டு ஊரிலும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் இன்ஷூரன்ஸ் போக 3,000 டாலர் பாக்கி, இருவராலும் ஓராண்டில் கட்ட முடியவில்லை. செயென்காரரின் பெயர் மூவரின் நோட்டிலும் ஏறலாம், ஏழு வருடம் இருக்கலாம். டென்வர்காரரின் பெயர் ஏறக் கூடாது. பணியகத்தின் அக்டோபர் விளக்கத்தை நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டால், அவர் பெயரும் ஏறும்.